பழைய வழக்கு அழியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2017-ல் ஊர்த் திருவிழா அடிதடியில் 1,000 ரூபாய் அபராதம் கட்டினேன். அப்புறம் எந்த வம்புக்கும் போகவில்லை. அந்தப் பதிவை அழிக்க எங்கே மனு கொடுக்க வேண்டும்? (வாசகர், தேனி)

அதற்கென்று மனு கொடுக்க இடமே இல்லை. பிரிட்டனில் 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட காலம் வேறு குற்றம் செய்யாமல் இருந்தால் பல தண்டனைகள் அங்கே காலாவதியாகிவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு அவற்றைச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் பெரியவர்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. திருந்தி வாழ்பவரை ஆயுள் முழுக்கத் துரத்துவது அநியாயம். நமக்கும் அந்தச் சட்டம் வேண்டும்.

இப்போது வழக்கில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போ, இன்றோடு முடிந்தது" என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்வார்கள். அங்கே முடிவது வாய்தா மட்டும்தான், தண்டனை உங்கள் பேரில் நிற்கும். ஒப்புக்கொண்டபின் தண்டனையின் அளவையோ சட்டப்படி அது செல்லுமா என்பதையோ எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்யலாம். சாதாரணக் காயம் போன்ற வழக்குகளில் எதிர்த்தரப்போடு முறைப்படி சமரசம் செய்துகொண்டால் அது விடுதலைக்குச் சமம். முதலில் அந்த வழியைப் பாருங்கள்.

என் மகன் 16 வயதில் பைக் திருட்டு வழக்கில் சிக்கினான். இளைஞர் நீதிக் குழுமம் ஆலோசனை சொல்லி அனுப்பியது. இப்போது வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு வருகிறது. பயமாக இருக்கிறது சார். (ஒரு தாய், திண்டுக்கல்)

பயப்படாதீர்கள் அம்மா. சட்டம் முழுக்க உங்கள் மகன் பக்கம்தான் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, அந்த வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது; ஆவணங்களையும் உரிய காலத்துக்குப்பின் அழித்துவிட வேண்டும். 74-வது பிரிவு இன்னும் தெளிவு: முடிந்துபோன சிறார் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடவே கூடாது. (கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்ட 16 வயது கடந்தவர்களுக்கு மட்டும் 24-வது பிரிவின் பாதுகாப்பு இல்லை.) சிறுவயதில் தண்டனையே பெற்றிருந்தாலும் அதைக் காட்டி வேலை மறுக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழுமத்தின் இறுதி உத்தரவு நகலை வாங்கி வையுங்கள். காவல் நிலையத்தில் யாராவது பழைய வழக்கைக் கிளறினால் அதைக் காட்டி, குழுமத்திலேயே முறையிடலாம்.

விடுதலையாகிவிட்டேன். ஆனாலும் காவலர் தேர்வில் நிராகரித்துவிட்டார்கள். இது சரியா? (வாசகர், கடலூர்)

தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். "சந்தேகத்தின் பலன்" என்றோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை என்றோ இருந்தால், தமிழ்நாடு காவல் பணி விதிகள் உங்களை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் விதி அதுதான். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உண்மையைச் சொன்னவரின் வழக்கு அற்பமானதா என்று அதிகாரி பரிசீலிக்கலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது.

சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட்டார்கள். அரசு வேலை தப்புமா? (வாசகி, சேலம்)

1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு தகுதியிழப்பைத் தடுக்கும். துறை நடவடிக்கையைத் தடுக்காது. டெல்லியில் 500 ரூபாயைக் கையாடிய ஒரு காசாளரை இப்படித்தான் வேலையைவிட்டு நீக்கினார்கள். மகனைப் பறிகொடுத்திருந்தவர், பணத்தையும் திருப்பிக் கட்டியவர். 1985-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனை மிகையானது என்று சொல்லி, முழுச் சம்பளப் பாக்கியோடு அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியது. நீதிபதி உங்கள் தீர்ப்பில் 12-வது பிரிவைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

விடுதலையான பிறகும் கூகுளில் என் பெயரோடு தீர்ப்பு வருகிறதே? (வாசகர், கோவை)

பெயரை நீக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதனால் இப்போதைக்கு அந்த உத்தரவை மட்டும் நம்பி மனு போட வேண்டாம்.