ஐந்து பேர், இரண்டு நகரம், எந்த ஹோட்டல்?

கேள்வி: நானும் கணவரும், 13 வயது மகளும் 8 வயது மகனும், மாமியுமாக ஐந்து பேர். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் பாரிஸில் நான்கு இரவும் ஆம்ஸ்டர்டாமில் மூன்று இரவும் தங்க நினைத்திருக்கிறோம். மாமிக்கு 68 வயது, சர்க்கரை வருத்தமும் முழங்கால் நோவும் உண்டு. இபிஸ், நொவொடெல், ஹொலிடே இன் எக்ஸ்பிரஸ், பி அண்ட் பி ஹோட்டல்ஸ் என்று நான்கு பெயரைப் பயண முகவர் தந்திருக்கிறார். இப்போதே முழுக்காசையும் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு குறையுமாம், ஆனால் பிறகு திருப்பித் தரமாட்டார்களாம். எதை எடுப்பது?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: முதலில் காசு விஷயம். விசா கையில் வரும்வரை திருப்பித் தராத கட்டணத்துக்குச் சம்மதிக்காதீர்கள். முகவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் இறங்கிப்போக வேண்டாம். பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் ஒரே விசாவாக எடுக்கும் ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோ. உங்கள் மகளுக்கு 13 ஆகிவிட்டதால் அவளுக்கும் பெரியவர் கட்டணம்தான். ஐந்து பேருக்கும் 405 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டால் இதில் ஒரு சதமும் திரும்பாது. ஹோட்டல் காசையும் அதோடு சேர்த்து இழக்க ஏன் வழி வைக்க வேண்டும்?

இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுக் கடிதத்தில் ஐந்து பேரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். விசா வந்த பிறகு அதே ஹோட்டலின் திருப்பித் தராத விலை அப்போதும் குறைவாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரத்துச் செய்யும் கடைசி நேரம் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கு. கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அங்கே மாலை 6 மணி என்பது இங்கே இரவு 9.30. நான்கு இரவு பாரிஸ், மூன்று இரவு ஆம்ஸ்டர்டாம் என்பதால் விண்ணப்பிக்க வேண்டியது பிரான்சுக்கு, கூடுதல் நாள் தங்கும் நாடுதான் கணக்கு. இரவுகளை மாற்றினால் இதுவும் மாறிவிடும்.

சரி, இனி ஹோட்டல். நீங்கள் நான்கு பெயரை ஒப்பிடுகிறீர்கள். நான் முதலில் பார்ப்பது ஐந்து பேரும் எங்கே படுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். நாம் நுவரெலியா போனால் ஓர் அறை எடுத்து, நிலத்தில் இரண்டு மெத்தை போடச் சொல்லி ஆறு பேர் படுத்து எழும்புவோம். அங்கே அது நடக்காது. ஓர் அறைக்கு மூன்று பேர் என்று போட்டிருந்தால் மூன்று பேர்தான், கைக்குழந்தைக்கு மட்டும் சிறு விட்டுக்கொடுப்பு இருக்கும். தீப்பாதுகாப்பு விதிகளும் அதற்கு ஒரு காரணம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஐரோப்பிய நகரத்தில் இரவு பதினொன்றரைக்கு வரவேற்பு மேசையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. பதிவில் இரண்டு பேர், வந்து நின்றது என் தங்கையின் மகனோடு மூன்று பேர். அவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மாட்டேன் என்றுவிட்டார். அந்த இரவின் விலைக்கு இன்னோர் அறை எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் பெயரையும் வயதையும் பதிவில் போடாத பிழைக்கு நான் கொடுத்த விலை அது.

ஆகவே உங்களுக்கு இரண்டு அறை வேண்டும். நீங்கள் இருவரும் மகனும் ஓர் அறை, மாமியும் மகளும் மற்றது. மாமியின் அறைக்கு இரண்டு தனிக்கட்டில் என்று எழுத்தில் கேளுங்கள். சும்மா இருவர் அறை என்று எடுத்தால் ஒரே கட்டில் வரலாம். இடையில் கதவுள்ள இணைந்த அறைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரவில் மாமிக்குச் சர்க்கரை இறங்கினால் மகள் விறாந்தைக்கு ஓடிவந்து கதவைத் தட்ட வேண்டியிராது.

இப்போது நான்கு பெயரையும் பார்ப்போம். இபிஸும் நொவொடெலும் அக்கோர் என்ற ஒரே பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர்கள். இபிஸ் என்பதே மூன்று வகை. பெயர்ப்பலகையில் ஒரு தலையணை இருக்கும், அது சிவப்பென்றால் சாதாரண இபிஸ், பச்சையென்றால் இபிஸ் ஸ்டைல்ஸ், நீலமென்றால் இபிஸ் பட்ஜெட். மூன்றும் ஒன்றல்ல. நீலத்தில் மூவர் அறை என்றால், இருவர் கட்டிலுக்கு மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு கட்டில் இருக்கும். உங்கள் மகன் அதைக் கண்டால் துள்ளுவான், மாமிக்கு அந்த அறை சரிவராது. முகவர் வெறுமனே இபிஸ் என்று எழுதியிருந்தால் எந்த நிறம் என்று கேளுங்கள். பி அண்ட் பி ஹோட்டல்ஸில் மூவர், நால்வர் அறைகள் உண்டு, விலையும் குறைவு. ஆனால் பலவும் நகரத்தின் ஓரத்தில் இருக்கின்றன.

பாரிஸுக்கு நான் நொவொடெலைச் சொல்வேன். பெற்றோரின் அறையில் தங்கும் 16 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு அறையும் காலைச் சாப்பாடும் இலவசம் என்பது அவர்களின் வழக்கம். அப்பம்மாவின் அறையில் படுக்கும் உங்கள் மகளுக்கும் அது பொருந்துமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைக் கையோடு வைத்திருங்கள். காலைச் சாப்பாட்டைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். ஐந்து பேர், ஏழு காலை, மொத்தம் 35 சாப்பாடு. ஒன்றுக்கு 15 யூரோ என்று வைத்தாலே 525 யூரோ. அறை விலையில் 20 யூரோ குறைவென்று எடுத்துவிட்டு இதை வெளியே கட்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

இடம் அதைவிட முக்கியம். பாரிஸ் என்று பெயரில் இருப்பதெல்லாம் பாரிஸ் அல்ல. விலாசத்தின் தபால் இலக்கத்தைப் பாருங்கள். 75இல் தொடங்கினால்தான் பாரிஸ் நகரம், கடைசி இரண்டு எண்கள் எத்தனையாவது வட்டாரம் என்று சொல்லும். 95700 என்றால் அது விமான நிலையம் இருக்கும் ருவாசி, நகர நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர். மாமியோடு அங்கிருந்து தினமும் போய்வர முடியாது.

நம்மவர்களுக்கு உடனே லாச்சப்பல் ஞாபகம் வரும், சரியான ஞாபகம்தான். சோறு கறி, மாணிக்க விநாயகர் கோயில், மாமிக்குத் தமிழில் கதைக்க ஆட்கள், எல்லாம் அங்கே உண்டு. பக்கத்தில் உள்ள கார் டு நோர் நிலையத்துக்கு விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் நேரே வருகிறது. ஆம்ஸ்டர்டாமுக்கான யூரோஸ்டாரும் அங்கிருந்துதான் புறப்படும். ஆனாலும் அந்த நிலையத்தைச் சுற்றி நெரிசல் அதிகம், கைப்பையில் கண் வைத்தபடியே நடக்க வேண்டும், இரவில் பிள்ளைகளோடு எனக்கு அது பிடிக்கவில்லை. கார் டு லியோன் நிலையத்தின் பக்கம் தங்கினால் ஆர்இஆர் டி ரயிலில் இரண்டாவது தரிப்பு கார் டு நோர். சாப்பாட்டுக்கு லாச்சப்பல் போய்வரலாம், படுக்க அமைதியான இடத்துக்குத் திரும்பலாம். இன்னொரு காரணம் மாமியின் முழங்கால். பாரிஸ் மெட்ரோவின் பழைய பாதைகளில் படிகள்தான், லிஃப்ட் மிகக் குறைவு. 14ஆம் பாதையில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, அது கார் டு லியோன் வழியே போகிறது.

ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரையில் இருக்கும் சின்ன ஹோட்டல்களின் படங்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அந்தப் பழைய வீடுகளின் படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை, பலவற்றில் லிஃப்ட் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு, ஒரே பெயரில் பல ஊரில் இருக்கும் சங்கிலி ஹோட்டல்தான் சரி என்று நான் அடித்துச் சொல்வது இந்த நகரத்தில்தான். ஹொலிடே இன் எக்ஸ்பிரஸில் காலைச் சாப்பாடு அறை விலையிலேயே அடங்கிவிடும். ஸ்லோட்டர்டைக் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து மத்திய நிலையத்துக்கு ரயிலில் ஐந்தாறு நிமிடம். வரியைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலா வரி அறை விலையில் 12.5 சதவீதம். வற் வரிக்கு முந்திய விலை ஓர் அறைக்கு 150 யூரோ என்றால், இரண்டு அறை மூன்று இரவுக்கு இந்த வரி மட்டும் 112.50 யூரோ. பாரிஸில் கணக்கு வேறு, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து எடுப்பார்கள், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. இந்த வரிகளைப் பலசமயம் ஹோட்டலில்தான் கட்டச் சொல்வார்கள். முகவரின் சிட்டையில் இல்லாததால் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அறையில் ஏசி உண்டா? 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 பாகை வெயில் அடித்தது, ஓகஸ்டிலும் புழுக்கம் வரலாம். மலிவான ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் ஏசி இருக்காது. அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. மாமி இன்சுலின் போடுபவர் என்றால் திறக்காத மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், அறையில் பெட்டி இல்லாவிட்டால் வரவேற்பில் வாங்கி வைப்பார்களா என்று கேளுங்கள். அப்புறம், ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள். சாதாரண ஹோட்டல் அறையில் சமைக்க விடமாட்டார்கள், புகை அலாரம் அடித்தால் கட்டிடமே வெளியே நிற்கும். வீட்டுச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்றால் அடாஜியோ, சிட்டாடின்ஸ் போன்ற குசினியுள்ள தொடர்மாடி ஹோட்டல்களைப் பாருங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் கேத்தலும் அடுப்பும் உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: கொழும்பு ஹில்டனில் மகளின் கல்யாணத்தை வைத்தோம், கவனிப்பு அருமை. அதனால் ரோமுக்கும் மிலானுக்கும் ஹில்டன் பெயர் உள்ள ஹோட்டல்தான் வேண்டும் என்று மனைவி சொல்கிறார். ஹாம்ப்டன் பை ஹில்டன் விலை குறைவாக இருக்கிறது. அதுவும் அதே தரமா? உறுப்பினராகச் சேர்ந்தால் பயன் உண்டா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: அதே நிறுவனம், வேறு தரம். ஹாம்ப்டன் அவர்களின் எளிமையான வகை. சுத்தமான அறை, நல்ல மெத்தை, காலைச் சாப்பாடு விலைக்குள். பெட்டி தூக்க ஆள், பெரிய வரவேற்பு மண்டபம், அறைக்குச் சாப்பாடு இவற்றை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பெரிய பெயர்களில் பல கட்டிடங்கள் உள்ளூர் முதலாளிகளுடையவை, பெயரை மட்டும் ஒப்பந்தத்தில் வாங்கியிருப்பார்கள். அதனால் கொழும்பில் கண்ட கவனிப்பை மனதில் வைத்து மிலானில் அறை எடுக்காதீர்கள். அந்தக் கட்டிடத்தில் கடந்த ஆறு மாதத்துக்குள் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். சத்தம், சுடுதண்ணீர், லிஃப்ட் என்று மூன்று சொல்லைத் தேடினாலே பாதி தெரிந்துவிடும். இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் நான் ஹாம்ப்டனை எடுத்து, மிச்சக் காசில் நல்ல இரவுச் சாப்பாடு சாப்பிடச் சொல்வேன்.

அறையின் பரப்பைச் சதுர மீற்றரில் போட்டிருப்பார்கள். அதைப் பத்தே முக்காலால் பெருக்கினால் நமக்குப் பழகிய சதுர அடி வரும். 16 சதுர மீற்றர் என்றால் 172 சதுர அடி. வீட்டில் ஓர் அறையை நாடாவால் அளந்து பாருங்கள், இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்குமா என்று மனைவிக்கும் விளங்கும்.

உறுப்பினராகச் சேரக் காசில்லை, சேருங்கள். உறுப்பினர் விலை கொஞ்சம் குறையும். ஆனால் பொதுவாக ஹோட்டலின் சொந்தத் தளத்தில் பதிவு செய்தால்தான் புள்ளி கிடைக்கும், இடைத்தரகர் வழியே போனால் கிடைக்காது. உதாரணத்துக்கு, மேலே சொன்ன அக்கோரில் 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பயணம் போகிறவருக்கு அது சேர நாளெடுக்கும், புள்ளிக்காக விலை கூடிய ஹோட்டலை எடுக்க வேண்டாம்.

கேள்வி: மகனின் பட்டமளிப்புக்கு லண்டன் போகிறோம். பிரீமியர் இன், ஹப் பை பிரீமியர் இன் இரண்டில் எது? டெபிட் கார்ட் போதுமா?
(தெஹிவளை வாசகர்)

பதில்: பிரீமியர் இன். ஹப் அதே நிறுவனத்தின் சின்ன அறை வகை, இரண்டு பேருக்கு மேல் விடமாட்டார்கள், கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கும். உங்கள் வயதில் ஒருவர் எழும்ப மற்றவர் ஒதுங்க வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். பிரீமியர் இன் அறையில் கேத்தலும் தேயிலையும் இருக்கும், காலையில் தேத்தண்ணிக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

டெபிட் கார்ட்டை ஹோட்டல் மேசையில் நீட்டாதீர்கள். பல ஹோட்டல்களில் பிணைப்பணம் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்ட்டில் அது கடன் எல்லையில் வெறும் குறைப்பு, டெபிட்டில் உங்கள் சொந்தக் காசு முடங்கும். எனக்கு ஒருமுறை அது திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆனது. கார்ட் இயந்திரம் ரூபாயா பவுண்டா என்று கேட்டால் பவுண்டை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை உங்கள் வங்கிக்குப் பதில் அந்த இயந்திரத்துக்குரியவர்கள் தீர்மானிப்பார்கள், அது அநேகமாக உங்களுக்கு நட்டம். பணியாளர் தானே ரூபாயைத் தெரிவுசெய்துவிட்டால், கையெழுத்திடுவதற்கு முன் ரத்துச் செய்து பவுண்டில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள்.