‘ஃபிட் லைக்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

ஆபர்டீன் நகரப் பேச்சு குறித்து வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மகள் ஆபர்டீனில் முதுகலை படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனாலும் பஸ் ஓட்டுநர் பேசுவது பிடிபடவில்லை என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘ஃப’ என்ற ஒலியிலிருந்து. ஆபர்டீன் இருக்கும் வடகிழக்கு ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழி வழக்குக்கு ‘டோரிக்’ என்று பெயர். அதில் கேள்விச் சொற்கள் ஐந்தும் ‘ஃப’வில்தான் தொடங்கும். வாட் என்பது ஃபிட். வேர் என்பது ஃபார். வென், ஃபான். ஹூ, ஃபா. ஹௌ, ஃபூ. ‘ஏன்’ என்று கேட்க ‘ஃபிட் வை’ என்பார்கள்.

மகளுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். ‘ஃபார் டி யி பைட்?’ என்றால் ‘எங்கே குடியிருக்கிறீங்க?’ என்று அர்த்தம். காதில் ‘ஃபார்’ விழுந்ததும் தூரத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கிலோமீட்டர் கணக்கில் பதில் சொல்லத் தோன்றும். ‘ஃபே’ என்றால் ‘இருந்து’. ஆகவே ‘ஃபார் ஆர் யி ஃபே?’ என்றால் ‘உங்களுக்கு எந்த ஊர்?’. ‘தட்’ என்பதன் முதல் ஒலியும் உதிர்ந்துவிடும்: ‘ஃபாஸ் அட்?’ என்றால் ‘யார் அது?’

அடுத்தது ‘ஊ’ ஒலி. பல சொற்களில் அது ‘ஈ’ ஆகிவிடும். ‘மூன்’ அங்கே மீன், ‘பூட்ஸ்’ அங்கே பீட்ஸ். பாதத்தையும் ‘ஃபிட்’ என்றே சொல்வதால், ‘ஃபிட் ஃபிட் ஃபிட்ஸ் ஃபிட் ஃபிட்?’ என்ற வாக்கியம் அந்தப் பக்கம் பிரபலம். ‘எந்தக் காலணி எந்தக் காலுக்கு?’ என்பதுதான் அது. மகளை அதை மெதுவாக ஐந்து முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வழக்கின் இலக்கணத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கேள்வி: ‘ஃபிட் லைக்?’ என்றால் உடல்நலம் பற்றிய கேள்வியா?

பதில்: இல்லை, ‘எப்படி இருக்கீங்க?’ என்பதுதான். ‘நே பேட்’ (மோசமில்லை) என்றால் போதும். ‘ஃபூஸ் யர் டூஸ்?’ என்றும் கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘உங்க புறாக்கள் எப்படி?’ என்று வரும். வழக்கமான பதில் ‘ஐ பெக்கின்’, அதாவது ‘எப்போதும் கொத்திக்கொண்டிருக்கின்றன’. ‘ஐ’ என்றால் ‘ஆமாம்’ என்று மட்டும் படித்திருப்பீர்கள். இந்த இடத்தில் அது ‘எப்போதும்’.

கேள்வி: ஆபர்டீன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வயதான நோயாளிகள் பேசுவதைப் புரிந்துகொள்ள எவற்றைத் தெரிந்துவைக்க வேண்டும்?

பதில்: முதலில் உடலுறுப்புகள். அக்குள் – ஆக்ஸ்டர். கணுக்கால் – க்வீட். சுண்டுவிரலை மற்ற ஸ்காட்லாந்து ஊர்களில் ‘பிங்கி’ என்பார்கள், ஆபர்டீனில் ‘க்ரானி’. பாட்டியைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இருமல் ஹோஸ்ட், நொண்டி நடப்பது ஹிர்ப்பிள், குமட்டி வாந்தி எடுப்பது போக், மாவுக்கட்டு ஸ்டூக்கி. முகம் வெளுத்திருந்தால் ‘பீலி வாலி’.

இவற்றைவிட ஆபத்தானது, தெரிந்த ஆங்கிலச் சொல்போலவே இருக்கும் ஒன்று: ‘டவுட்’. டோரிக்கில் ‘டூட்’. ‘ஐ டூட் இட்ஸ் ப்ரோக்கன்’ என்று நோயாளி சொன்னால், எலும்பு முறிந்திருக்காது என்கிறார் என்றுதான் நமக்குப் படும். அவர் சொல்வது நேர் எதிர்: ‘முறிஞ்சிருக்கும்னு பயமா இருக்கு.’ இந்த வார்த்தை காதில் விழுந்தால் அப்படியே குறிப்பில் எழுதிவிட வேண்டாம். ‘முறிந்திருப்பதாக நினைக்கிறீர்களா?’ என்று நேராகத் திருப்பிக் கேளுங்கள். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நேரத்திலும் கவனம் தேவை. ‘ஹாஃப் ஃபைவ்’ என்றால் 5.30, 4.30 அல்ல. ‘தி பேக் ஆஃப் ஃபைவ்’ என்றால் 5 மணி தாண்டிச் சில நிமிடங்கள். ‘தி மார்ன்’ என்பது நாளை. பார்க்க வந்த பெண்ணை ‘வைஃபி’ என்றால் யாருடைய மனைவி என்று தேட வேண்டாம், ‘அந்த அம்மா’ என்பதுதான் பொருள். உங்களை ‘க்வைன்’ என்று கூப்பிட்டால் ‘பொண்ணே’ என்று அர்த்தம். பையன்களை ‘லூன்’ என்பார்கள். இரண்டிலும் வசவு இல்லை, பிரியம்தான்.

கேள்வி: வாடகை ஒப்பந்தத்தில் ‘அவுட்வித்’ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. ஸ்காட்லாந்து முழுக்க அலுவலகக் கடிதங்களிலும் புழங்கும் சொல். ‘புறம்பாக’ என்று பொருள். ‘அவுட்வித் ஆஃபீஸ் ஹவர்ஸ்’ என்றால் அலுவலக நேரத்துக்குப் புறம்பாக. வீட்டுக்காரர் ‘மெசேஜஸ்’ வாங்கப் போகிறேன் என்றால், மளிகை வாங்கக் கிளம்புகிறார்.

கேள்வி: நாமும் அப்படியே பேசலாமா? அகராதி உண்டா?

பதில்: புரிந்துகொள்ளப் பழகுங்கள், உச்சரிப்பைப் போலி செய்ய வேண்டாம், கிண்டலாகப் படும். ‘ஃபிட் லைக்?’, ‘நே பேட்’, ‘ஐ’ மூன்றையும் தாராளமாகச் சொல்லலாம். ஸ்காட்ஸ் மொழி அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்காட்ஸுக்கு ஒரே சீரான எழுத்துமுறை இல்லாததால், தேடும்போது இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். ‘ஃப’வில் தேடிக் கிடைக்காத கேள்விச் சொல்லை ‘வ’ ஒலிக்கு மாற்றித் தேடுங்கள் (‘ஃபூ’வை மட்டும் ‘ஹ’ ஒலிக்கு). ‘ஃபிட்’டுக்கான விளக்கம் ‘விட்’ அல்லது ‘வாட்’ என்ற சொல்லின் கீழ் இருக்கும்.