பதில்: 1887 ஒப்பந்தத்தில் தொகை ஏன் இடிக்கிறது?

தங்கள் கடல்பகுதியைக் காக்கும் ஏழு கப்பல்களுக்காக, ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் (அன்றைய பிரிட்டிஷ் காலனிகள்) 1887 ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுத்த ஆண்டுத் தொகை ஓரிடத்தில் 1,26,000 பவுண்டு, இன்னோரிடத்தில் 1,06,000 என்று இருக்கிறதே, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். முதலாவது மொத்தம். அதில் 20,000 நியூசிலாந்தின் பங்கு. மிச்சத்தை ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் மக்கள்தொகைக் கணக்கில் பிரித்துக்கொண்டன.

மொத்தத்தையும் உடைத்துப் பாருங்கள், சுவாரசியமே அங்கேதான். கப்பல் கட்டிய செலவுக்கு 5 சதவீத வட்டி, 35,000 பவுண்டுக்கு மேல் போகாமல். பராமரிப்புக்கு 91,000 வரை. அதாவது கப்பல் லண்டனுடையது, வட்டி இவர்களுடையது! பதிலுக்கு ஒரு பிடி வைத்திருந்தார்கள்: இவர்கள் சம்மதம் இல்லாமல் அந்தக் கப்பல்களை ஆஸ்திரேலிய நிலையத்தின் (அப்பகுதிக்கென்று பிரிட்டிஷ் கடற்படை வகுத்த கடல்பரப்பின்) எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. போர்க்காலத்துக்கும் இதேதான். கடற்படைத் தலைமைக்கு இது கசந்ததில் வியப்பில்லை.

போர் வந்தால் யார் பணம் கொடுப்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே விடை உண்டு. ஏழு கப்பல்களில் மூன்று அமைதிக் காலத்தில் சும்மா நிற்கும். போர் மூண்டால் அவற்றைக் களமிறக்கி நடத்தும் செலவு பிரிட்டிஷ் அரசின் தலையில். நிறைய பேர் இந்த விதியைக் கவனிப்பதே இல்லை.

அப்புறம், 1902 ஒப்பந்தத் தொகையை இதோடு கலந்துவிடாதீர்கள். அதில் ஆஸ்திரேலியா 2,00,000, நியூசிலாந்து 40,000.