கன்னத்தில் தடிப்பு: காசமா, தொழுநோயா?

கேள்வி: அப்பாவுக்குக் கன்னத்துல செந்தடிப்புங்க. ஈரோட்டுல சதை எடுத்துச் சோதிச்சோம். ‘எபிதெலாய்டு கிரானுலோமா, கிருமி தென்படவில்லை, எஸ்-100 சாயம் தேவை’ன்னு ரிப்போர்ட் வந்திருக்குது. கிருமியே இல்லைன்னா இது எதுக்குங்க? மறுபடி சதை எடுக்கோணுமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. எடுத்த சதை மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் இருக்கும். அதிலிருந்தே 3, 4 மைக்ரான் கனத்தில் புதிதாகச் சீவிச் சாயம் போடலாம்.

எபிதெலாய்டு கிரானுலோமா என்பது தற்காப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு; காசம் (டி.பி.), தொழுநோய் இரண்டிலும் வரும். ‘தென்படவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படித்துவிடாதீர்கள். தோல் காசத்திலும் டியூபர்குலாய்டு வகைத் தொழுநோயிலும் கிருமிகள் மிகக் குறைவு; சாயத்தில் சிக்காமலே போகும். எந்தச் சாயம் போட்டார்கள் என்றும் கேளுங்கள். காசத்துக்கான ஜீல்-நீல்சன் முறையின் கடும் அமிலத்தில் தொழுநோய்க் கிருமி நிறமிழந்துவிடும். அதற்கு எண்ணெயும் மென்மையான அமிலமும் சேர்ந்த ஃபைட்-ஃபராக்கோ முறைதான் சரி.

எஸ்-100 கிருமியைத் தேடுவதில்லை, நரம்பைக் காட்டுகிறது. நரம்பிழையைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்கள் பழுப்பாகத் தெரியும். காசத்திலும் சார்காய்டோசிஸிலும் (தொற்றில்லாமலே கிரானுலோமா வரும் நோய்) அந்த இழை பொதுவாக முழுசாக இருக்கும். தொழுநோயில் கிரானுலோமாவுக்குள் பிய்ந்து, துண்டு துண்டாகக் கிடக்கும். சில சமயம் சுவடே இராது. கை, காலில் என்றால் உணர்ச்சி குறைவதே துப்புக் கொடுக்கும். முகத்தில் நரம்புகள் அடர்த்தி என்பதால் உணர்ச்சி பல நேரம் குறைவதில்லை. அப்பாவுக்கு இந்தச் சாயம் அவசியம் என்பது அதனால்தான்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. தோலின் தற்காப்புச் செல்களான லாங்கர்ஹான்ஸ் செல்களும் இதே பழுப்பு ஏற்கும். கிளைவிட்ட அவற்றை நரம்புத் துணுக்கு என்று எண்ணிவிடலாம். அதே ஸ்லைடில் வியர்வைச் சுரப்பியும் மேல்தோலின் நிறமிச் செல்களும் நிறமேறவில்லை என்றால் சாயமே பிடிக்கவில்லை. ‘நரம்பு இல்லை’ என்ற முடிவை நம்ப முடியாது. சதை மேலாக எடுக்கப்பட்டிருந்தாலும் நரம்பு சிக்காது. அப்போதுதான் மறுபடி எடுக்க வேண்டும்: தடிப்பின் ஓரத்தில், கொழுப்பு வரை, 4 மி.மீ. பஞ்ச் (வட்டக் கத்தி) கொண்டு எடுத்து, சதையின் அளவைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். சலைன் (உப்புநீர்) கூடாது. சிடி-68 என்ற இன்னொரு சாயம் இந்தக் கேள்விக்கு உதவாது. எல்லா கிரானுலோமாவிலும் அது பாசிட்டிவ்தான்.

முடிவு வரும்வரை ஸ்டீராய்டு மாத்திரையைத் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம். தொற்றாக இருந்தால் பெருகிவிடும். தொழுநோய்க் கூட்டுமருந்தில் ரிஃபாம்பிசின் மாதம் ஒரு முறை; காசத்துக்கோ தினமும். காசக்காரருக்கு மாதம் ஒரு முறை கொடுத்தால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும்.

மெழுகுக் கட்டியைக் கோவைக்குக் கொண்டுபோவதானால் பழைய ஸ்லைடையும் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.