ஆசிட் ஏரிக்குள் போய்விட்டது, வெளியே சொல்லாதே என்கிறார் முதலாளி

கேள்வி: தொழிற்பேட்டை ஒன்றில் பிளேட்டிங் (உலோகப் பூச்சு) யூனிட்டில் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஐந்து நாளுக்கு முன், கழிவு ஆசிட் டேங்கின் வால்வு உடைந்து, பாதி டேங்குக்கு மேல் மழைநீர் வடிகாலில் ஓடிவிட்டது. அந்த வடிகால் பக்கத்து ஊர் ஏரியில் சேர்கிறது. முதலாளிக்கு போன் செய்தேன். சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். மறுநாள் ஏரியில் மீன் செத்து மிதந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்கிறார். நான் தகவல் சொல்வது கட்டாயமா? சொன்னால் நானே மாட்டிக்கொள்வேனா?

பதில்: கட்டாயம்தான். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக 1077-க்கு போன் செய்யுங்கள். அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை. அந்த ஏரியில் இன்றும் யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்கள். பிளேட்டிங் கழிவில் குரோமியமும் நிக்கலும் இருக்கலாம். சுண்ணாம்பு ஆசிட்டின் வீரியத்தைக் குறைக்கும், உலோகத்தை அழிக்காது. அது சேறாகப் படிந்து அங்கேயே கிடக்கும். ஊராட்சித் தலைவரிடம் சொல்லித் தண்டோரா போடவாவது வழி செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு, விபத்தால் நச்சுப்பொருள் ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ கலந்தால், கலக்கும் அபாயம் இருந்தாலும்கூட, அந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவர் உடனே மாசு கட்டுப்பாடு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவும் இதையே சொல்கிறது. கூடவே பரவாமல் தடுக்கும் கடமையையும் சுமத்துகிறது. அரசு செலவு செய்து சுத்தம் செய்தால், அந்தத் தொகையை வட்டியோடு நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் ‘பொறுப்பில் இருப்பவர்’. சட்டம் முதலாளி என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அன்று இரவு யூனிட் உங்கள் கையில் இருந்திருக்கிறது. அதனால் ‘நான் வெறும் சம்பளக்காரன்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. ‘முதலாளி வேண்டாம் என்றார்’ என்பதும் எதிர்வாதமாக நிற்காது. அதே சமயம், தன்னால் ஆன எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று நிரூபிப்பவருக்கு நீர்ச் சட்டத்தின் 47-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. நீங்கள் அன்றிரவே முதலாளிக்கு போன் செய்தது அந்த முயற்சியின் முதல் சாட்சி. வாரியத்துக்கு எழுதப்போகும் கடிதம் இரண்டாவது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த இரண்டையும் நீங்களே கைவிட்டதாக ஆகிவிடும்.

யாரிடம் தெரிவிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு இடத்தில் சொன்னால் போதாது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 12-வது விதிப்படி மூன்று பக்கமும் போக வேண்டும்: மாவட்டத்தின் பேரிடர் நிவாரணப் பொறுப்பு அதிகாரி, மாசு கட்டுப்பாடு வாரியமும் அதன் வட்டார அதிகாரியும், உங்களைப் போன்ற தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்புத் துறையும். வாரியத்தைப் பொறுத்தவரை உங்கள் பகுதிக்கான மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரைப் பிடியுங்கள். கழிவு ஆசிட் அபாயக் கழிவுப் பட்டியலிலேயே இருப்பதால், 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் 22-வது விதியும் சேர்ந்துகொள்கிறது. அதன்படி முதலில் போனிலும் மின்னஞ்சலிலும் தகவல், பிறகு படிவம் 11-இல் அறிக்கை. படிவம் கொடுப்பது நிறுவனத்தின் வேலை. தகவலை நீங்கள் கொடுக்கலாம்.

48 மணி நேரம் அவகாசம் உண்டே என்று உங்கள் முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். அது 1989-ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளில் பெரிய விபத்துகளுக்கு வரும் கணக்கு. மேலே சொன்ன சட்டங்களில் மணிக்கணக்கு கிடையாது, ‘உடனே’ என்றுதான் இருக்கிறது. காரணமும் உண்டு. ஐந்தாம் நாள் அதிகாரி வந்து தண்ணீர் எடுத்தால் ஆசிட் கரைந்திருக்கும், மீனைக் காகம் தின்றிருக்கும். வழக்குக்கு வாரியம் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் சாட்சியமாகச் செல்லும், நீங்கள் பாட்டிலில் பிடித்து வைத்தது அந்த இடத்தில் நிற்காது. எண்ணூருக்கு அருகே 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அப்புறம் மீனவர்களும் தன்னார்வலர்களும் நாள்கணக்கில் வாளி வாளியாக எண்ணெய்ச் சகதியை அள்ளியதை நாடே பார்த்தது. முதல் சில மணி நேரத்தில் மறைப்பதற்கு எப்போதும் யாரோ ஒரு ஏழைதான் விலை கொடுக்கிறார். எனக்கு இதில் வரும் கோபம் இன்னும் ஆறவில்லை.

தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதம் ஒரு குறை, ஆனால் ஒவ்வொரு நாளும் வளரும் குறை. சுற்றுச்சூழல் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்தால் சிறைத் தண்டனைகள் பெரும்பாலும் பண அபராதமாக மாறிவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்த அபராதம் லட்சக்கணக்கில் போகும். நச்சுப்பொருளை அலட்சியமாகக் கையாண்டதற்கு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 286-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்கள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் ஐந்து ஆண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம். விபத்து என்றால் யார் தவறு என்று நிரூபிக்காமலேயே தீர்ப்பாயம் இழப்பீடு வழங்க முடியும்.

வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. தனியார் நிறுவன ஊழியர் இப்படித் தகவல் சொன்னால் காப்பாற்றத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. பழிவாங்கி நீக்கினால் தொழிலாளர் துறையில் போராடலாம், ஆனால் உங்கள் பதவியையும் பணியின் தன்மையையும் பொறுத்துத்தான் அது நிற்கும். அதனால் இப்போதே ஷிஃப்ட் பதிவேட்டின் பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள். முதலாளிக்கு போன் செய்த நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். கேமரா பதிவு தானாக அழிவதற்குள் அதைக் காப்பாற்றும்படி எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த டேங்க், சுமார் எவ்வளவு, எந்த வடிகால், அதற்கு மேல் என்ன செய்தீர்கள். அளவு உறுதியாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்றே எழுதுங்கள். யார் குற்றவாளி என்ற தீர்ப்பெல்லாம் அதில் வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கொடுத்து முதலாளியையே கையெழுத்துப் போட அழைக்கலாமா என்று நினைப்பீர்கள். அழையுங்கள், ஆனால் 1077-க்கு போன் செய்த பிறகு. கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு பெறுதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.