ஞாயிறு காலைக் கணக்கு வகுப்பு: கேட்டதும் சொன்னதும்

கிழமை நாட்களில் கொழும்பு புறக்கோட்டையில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனை வீட்டின் முன் அறையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். 12 வருடமாகிறது. இப்படிச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

காசும் வாங்குவதில்லை. உங்களுக்கு என்னக்கா கிடைக்கிறது? (வெள்ளவத்தை)

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை, “ஏன் மிஸ் தலைகீழாக்க வேணும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து செய்து வருகிறேன், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கிழமை முழுவதும் அதே நினைப்பு. கடையில் அரை றாத்தல் பாண் வாங்கும்போதுதான் பிடிபட்டது. அடுத்த ஞாயிறு பாணை மேசையில் வைத்து, “இதில் எத்தனை கால் றாத்தல் இருக்கு?” என்றேன். “ரெண்டு.” “அப்ப அரையைக் காலால் வகுத்தால்?” பென்சில் கொஞ்சநேரம் அசையவில்லை. பிறகு கொப்பியில் 2 என்று எழுதிவிட்டு, “ஒரு றாத்தலில் நாலு கால். அதுதான் நாலால் பெருக்கிறமா மிஸ்?” என்றாள். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் எனக்குச் சம்பள நாளில்கூட வந்ததில்லை. கணக்கும் அன்றுதான் எனக்கே விளங்கியது.

நான் ஐடி வேலை. படித்ததெல்லாம் மறந்துபோச்சு. சரிவருமா? (தெஹிவளை)

வரும். சனி இரவு ஒரு கடந்தகால வினாத்தாளை நீங்களே செய்து பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் பிள்ளைக்கும் அநேகமாகத் தடுக்கும்.

பிள்ளை சித்தியடையாவிட்டால் மனம் உடையாதா அக்கா? (பம்பலப்பிட்டி)

உடையும். இரண்டு வருடம் வந்த ஒரு பையனுக்கு சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. 35 புள்ளி எடுத்திருந்தால் எஸ், சாதாரண சித்தி. நான் பிழையாகப் படிப்பித்தேனோ என்று அன்று இரவு தூக்கமில்லை. ஞாயிறு வந்தது, வழக்கமான நேரத்துக்கு முன்னமே கொப்பியோடு வாசலில் நின்றான். “திரும்ப எழுதப் போறேன் மிஸ், வரலாமா?” அடுத்த முறை எஸ். ஆகக் கூடிய சித்தியான ஏ எத்தனையோ பார்த்திருக்கிறேன், அந்த எஸ் இன்னும் மனதில் இருக்கிறது.

காசு வாங்கினால் பிழையா? (கிராண்ட்பாஸ்)

இல்லவே இல்லை. அதை நம்பி வாழும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேலை இருப்பதால் வாங்குவதில்லை.

எப்படித் தொடங்குவது? (மட்டக்குளி)

இரண்டு மூன்று பிள்ளைகள் போதும். பக்கத்து வீட்டில் கேளுங்கள். பிள்ளைகள் ஞாயிறு காலையில் சமயம் படிக்கப் போகும் அறநெறி வகுப்பு நேரத்தோடு மோதாமல் நேரம் வையுங்கள். அப்புறம், முதல் நாள் பாடத்தைத் தொடங்காதீர்கள். எது விளங்கவில்லை என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்கள் வாய் திறக்க நேரம் எடுக்கும்.