வாரத்துக்கு ஒரு குரல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு பதிலில் அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சனைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதல் ஆல்பம் ‘தேங்க்ஃபுல்’லை முழுசாகக் கேட்டேன். குரல் அபாரம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பாட்டு சோல் (கறுப்பர்களின் உருக்கமான பாணி), அடுத்தது ராக், அப்புறம் கண்ணீர் வரவழைக்கிற ஒரு மெல்லிசை. கேட்டு முடித்த பிறகும் இந்தப் பெண் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. டிவி போட்டியில் ஜெயித்தவர்களின் முதல் ஆல்பம் எல்லாமே இப்படித்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாமே இல்லை, ஆனால் நிறைய. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, காரணத்தை மட்டும் பாடகியிடம் தேடுகிறீர்கள்.

2002இல் அவர் ஜெயித்த டிவி பாட்டுப் போட்டி ‘அமெரிக்கன் ஐடல்’ முதல் சீசன் எப்படி நடந்தது என்று பாருங்கள். ஒரு வாரம் மோடவுன் கம்பெனியின் சோல் பாட்டுகள், ஒரு வாரம் எழுபதுகளின் பாட்டு, ஒரு வாரம் பெரிய ஜாஸ் குழுக்களின் பிக் பேண்ட் பாட்டு, இன்னொரு வாரம் இசையமைப்பாளர் பர்ட் பேக்கரக்கின் பாட்டு. பாட்டைக் கத்தரித்துச் சின்னதாக்கி, அதற்குள் தொடங்கி, ஏறி, உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நின்று கைதட்டு வாங்கியாக வேண்டும். எதைக் கொடுத்தாலும் பாடுகிறவர்தான் அங்கே தேறுவார். டெக்சஸிலிருந்து வந்த அந்த இருபது வயதுப் பெண் எதைக் கொடுத்தாலும் பாடினார், செப்டம்பர் 4 அன்று ஜெயித்தார். ஆல்பம் வெளிவந்தது 2003 ஏப்ரல் 15. நடுவில் ஏழு மாதம்தான், அதிலும் சக போட்டியாளர்களோடு சுற்றுப்பயணம், போதாததற்கு ஒரு சினிமா வேறு (அந்த சினிமாவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை). இவ்வளவுக்கும் இடையில் ஒருவர் ‘நான் யார்’ என்று யோசிக்க எங்கே நேரம்? நீங்கள் கேட்ட கதம்பம் வேறொன்றுமில்லை, அந்த வாரங்களையே வரிசையாக அடுக்கியதுதான். போட்டியில் உடன் பாடிய டமைரா கிரேகூட ஒரு பாட்டில் வந்து சேர்ந்துகொள்கிறார்.

‘எ மொமென்ட் லைக் திஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்கப்போவது யாரென்று தெரிவதற்கு முன்பே எழுதி வைத்த பாட்டு அது. கடைசிச் சுற்றில் நின்ற ஜஸ்டின் குவாரினியும் அதைப் பாடிப் பதிவு செய்திருந்தார்! அதாவது அளவெடுக்காமல் தைத்த சட்டை. யார் ஜெயித்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கொஞ்சம் தொளதொளவென்று வைத்திருக்கிறார்கள். இறுதி நாளில் கெல்லி அதை அழுகையும் சிரிப்புமாகப் பாடினார், அது அமெரிக்காவின் பிரபல பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடத்துக்குப் போனது. 1964இலிருந்து பீட்டில்ஸ் வைத்திருந்த தாவல் சாதனை உடைந்தது. ஜனங்கள் வாங்கியது பாட்டையா, அந்த இரவையா? எனக்கு இதில் சந்தேகமில்லை, அந்த இரவைத்தான்.

ஆனால் இந்த ஆல்பத்தை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன், ‘மிஸ் இண்டிபென்டென்ட்’ ஒன்றுக்காகவே. அதன் கதை வேடிக்கையானது. இன்னொரு பாப் பாடகி கிறிஸ்டினா அகிலேரா தன் ஆல்பத்துக்காகத் தொடங்கி, முடிக்காமல் விட்ட பாட்டு அது. பாதி எழுதிய பாட்டு கைக்கு வந்தபோது கெல்லி தானும் உட்கார்ந்து எழுதி முடித்தார், எழுதியவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், ஆல்பத்திலேயே அதிகமாக ‘அவருடையதாக’ ஒலிக்கும் பாட்டு இன்னொருத்தி விட்டுப்போனது. கூர்ந்து கேளுங்கள்: கிடார் வெடுக்கென்று வந்ததும் குரல் கீழேயே நிற்கிறது, வார்த்தைகளை நறுக்கி நறுக்கி, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி போடுகிறார். போட்டி மேடையில் இதைச் செய்தால் நடுவர்கள் ‘இன்னும் குரலைத் திற’ என்றிருப்பார்கள். இங்கே அவர் வேண்டுமென்றே திறக்காமல் வைத்திருக்கிறார், அதனால்தான் பிற்பாடு திறக்கும்போது சுரீரென்று படுகிறது.

நானும் முதல் தடவை உங்களைப் போலத்தான், இரண்டு முறை கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன். 2004 கடைசியில் அவருடைய அடுத்த ஆல்பம் ‘பிரேக்அவே’ வந்து, அந்த ராக் குரல் என்னைப் பிடித்து உலுக்கிய பிறகு பழையதைத் திரும்ப எடுத்தேன். அந்தக் குரல் முதல் ஆல்பத்திலேயே ஒரு மூலையில் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

அவசரம் எல்லோருக்கும் விதித்ததல்ல. பிரிட்டனில் லியோனா லூயிஸ் 2006 டிசம்பரில் அங்கத்திய டிவி பாட்டுப் போட்டி ‘எக்ஸ் ஃபேக்டர்’ ஜெயித்தார், ஆல்பம் 2007 நவம்பரில்தான். கிட்டத்தட்ட ஒரு வருடம் உட்காரவைத்துப் பாட்டு தேடினார்கள். அதில் வேறு பிரச்சினை: எல்லாம் அவ்வளவு பளபளப்பு, எனக்கு ‘ப்ளீடிங் லவ்’ தவிர ஒன்றும் மனசில் தங்கவில்லை. இது என் ருசி, சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம்.

சரி, இப்போது ‘தேங்க்ஃபுல்’லை வரிசைப்படி கேட்காதீர்கள். ‘மிஸ் இண்டிபென்டென்ட்’டை முதலில் போடுங்கள், ஹெட்ஃபோனில், அந்த முதல் அரை நிமிடத்தை இரண்டு தடவை. அப்புறம் நேராக ‘எ மொமென்ட் லைக் திஸ்’ஸுக்குப் போங்கள். இரண்டும் ஒரே தொண்டையா என்று எனக்கு எழுதுங்கள்.